ஆறு சாமுவேலுக்கு எழுந்த பையன்

அத்தியாயம் 11

"அம்மா, ஆறு சாமுவேல்னா எத்தினி மணி?"

கெசியா இதைக் கேட்டபோது இளமதி தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நாலாம் வகுப்புப் பெண் சனிக்கிழமை காலையில் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் நின்று பதில் சொன்னால் தோசை கருகிவிடும். நாஷ்டாவை முடித்துவிட்டு அப்புறம் விளையாடு என்று சொல்லி மாவை ஊற்றினாள்.

"விளையாட்டு இல்லம்மா. உன் புக்ல கீது. ஆறு சாமுவேல்க்கு எழுந்தான்னு போட்டுகீது."

இளமதி அடுப்பை அணைத்தாள்.

புத்தகக் கட்டுகள் கூடத்தில் சுவரோரமாக இருந்தன. விடியற்காலையில் பார்சல் வண்டி புதுவாயல் ஜங்ஷனில் இறக்கிவிட்டுப் போனவற்றை அவள் கணவன் அன்புராஜ் பைக்கில் இரண்டு நடையாகக் கொண்டுவந்து போட்டிருந்தான். வழியிலேயே ஒரு கட்டைப் பிரித்து, பத்துப் பிரதிகளைப் பாஸ்டர் வீட்டில் கொடுத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டான். சிப்காட்டில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் டிஸ்பாட்ச் பிரிவில் வேலை. இந்த வாரம் அவனுக்கு முதல் ஷிப்ட்.

இளமதி இன்னும் கட்டைத் தொட்டிருக்கவில்லை. சமையல் முடித்து, குளித்து, ஜெபம் பண்ணிவிட்டுத்தான் பிரிப்பது என்று வைத்திருந்தாள். கெசியாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

இந்தப் புத்தகத்துக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கைக்குழந்தையோடு நைட் ஷிப்ட் பார்க்க முடியாமல் கம்பெனியை விட்டவள் அவள். வேலை போனது, ராத்திரி முழிப்பு போகவில்லை. அந்த முழிப்பில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கதை யோசிக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு கதையைப் போனிலேயே தட்டி எழுதினாள். சென்னையில் இரண்டு கிறிஸ்தவப் பதிப்பகங்களுக்கு அனுப்பினாள். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்றில் நீதி தெளிவாக வரவில்லை என்று எழுதினார்கள். அப்படியானால் நாமே போட்டுக்கொள்வோம் என்று முடிவெடுத்தாள். திருவள்ளூர் தேரடிப் பக்கம் டி.டி.பி. கடை வைத்திருக்கும் ஸ்ரீவாணி பக்கங்களை வடிவமைத்துக் கொடுத்தாள். அச்சுக்கு ஏற்பாடு செய்ததும் அவள்தான். அட்டையில் 'முதல் பரிசு' என்று பெரிதாகவும் 'இளமதி' என்று சிறிதாகவும் இருந்தது.

நாளைக் காலை ஆராதனை முடிந்ததும் சபை ஹாலில் வெளியீடு. முதல் பிரதியை வாங்கிக்கொள்ளப் போகிறவன் ஆர்.கே.பேட்டை பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் அவளுடைய தம்பி மணிகண்டன். போன வாரம் அடித்த அழைப்பிதழில் அவன் பேர் இல்லை. 'நூலாசிரியரின் சகோதரர்' என்று மட்டும் இருந்தது. இடம் பத்தவில்லை என்றான் அன்புராஜ். அவளும் நம்பிவிட்டாள்.

இளமதி கையைத் துடைத்துக்கொண்டு, மகள் நீட்டிய புத்தகத்தை வாங்கினாள். முதல் பக்கம், முதல் வரி.

'காலை ஆறு சாமுவேல்க்கு எழுந்தான் சாமுவேல்.'

அவள் எழுதியது, 'காலை ஆறு மணிக்கு எழுந்தான் மணி' என்று.

அதற்குக் கீழே பள்ளிக்கூட சாமுவேல் அடித்தது. பக்கத்தைத் திருப்பினால் வயதான ஒரு பெண்சாமுவேல் வந்து பையனுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். பையனின் அம்மா அவனை 'என் கண்சாமுவேல்யே' என்று கொஞ்சினாள். களத்தில் நெல்சாமுவேல்கள் சிதறிக் கிடந்தன. பஸ்ஸில் யாரோ ஒருவர் சாமுவேல்பர்ஸைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

கெசியா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெண்சாமுவேலைப் பார்த்தபோது இளமதிக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. கடைசிப் பக்கத்தை நினைத்துக்கொண்டாள்.

அவள் எழுதிய கதை இதுதான். ஒரு கிராமத்தில் கோடை விடுமுறையில் வேத வகுப்பு நடக்கிறது. இந்து வீட்டுப் பையன் ஒருவன், அங்கே கொடுக்கிற பன்னுக்காக, போய் உட்காருகிறான். வசனங்களை எல்லாப் பிள்ளைகளையும்விட நன்றாக ஒப்பிக்கிறான். முதல் பரிசு அவனுக்குத்தான். ஆனால் மேலிடத்துக்கு அனுப்பும் பட்டியலில் 'மணி' என்று எழுதினால் சரியாக இருக்காது என்று டீச்சருக்குத் தோன்றுகிறது. தானாகவே 'சாமுவேல்' என்று எழுதிக்கொள்கிறார். மேடையிலும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். பையன் மேடை ஏறுகிறான். பரிசுக்குக் கையை நீட்டவில்லை. "என் பேர் சாமுவேல் இல்லை டீச்சர், மணி" என்கிறான். அதோடு கதை முடிகிறது.

ஆண்டவர் ஒருவனைக் கூப்பிட்டால் அவனவன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார், பட்டியலைப் பார்த்துக் கூப்பிட மாட்டார் என்பது இளமதியின் நம்பிக்கை. அதை நீதியாக எழுதிக் கீழே கோடு போடவில்லை. அந்த ஒரு வரி போதும் என்று விட்டிருந்தாள்.

கடைசிப் பக்கத்தில் அந்த வரி இப்படி அச்சாகியிருந்தது:

"என் பேர் சாமுவேல் இல்லை டீச்சர், சாமுவேல்."

*

ஸ்ரீவாணி போனை எடுத்ததும் வாழ்த்துச் சொன்னாள். அவளுடையது பெருமாள் கோவிலில் கைங்கர்யம் செய்யும் குடும்பம். அட்டைப்படம் ரொம்ப நன்னாயிருக்கு என்று அப்பாவே சொன்னார் என்றாள். இளமதி முதல் வரியைப் படித்துக் காட்டினாள்.



"அக்கா, அது எனக்கும் உறுத்தித்து. ஆனா உங்க வேதத்துல ஒண்ணு சாமுவேல், ரெண்டு சாமுவேல்னு பேருக்கு முன்னாடி நம்பர் போடுவேளே, அது மாதிரி ஏதோ வழக்கம் போலிருக்குன்னு விட்டுட்டேன். நமக்குத் தெரியாத மத விஷயத்துல கை வைக்கப்படாதுன்னு அப்பா சொல்லியிருக்கார்."

"பெண்சாமுவேல்?"

"அது ஏதோ ஊழியம் பண்ற மாமின்னு நெனைச்சுண்டேன்."

தான் மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தபோது இதெல்லாம் இல்லையே என்று இளமதி கேட்டாள். அப்போது இல்லைதான், அதற்கப்புறம்தானே உங்காத்துக்காரர் ஃபைலை வாங்கித் திருத்தி அனுப்பினார் என்றாள் ஸ்ரீவாணி. இதுதான் ஃபைனல், ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டாம் என்று வாட்ஸப்பில் போட்டிருந்தாராம். உங்களுக்குத் தெரியாதா என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

தெரியும் என்றாள் இளமதி. புருஷன் செய்தது தனக்குத் தெரியாது என்று வெளியாளிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

போனை வைத்துவிட்டுத் தோசையைச் சுட்டாள். கெசியாவுக்குக் கொடுத்தாள். தானும் தின்றாள். அன்புராஜைக் கூப்பிட முடியாது. ஷிப்ட் நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். நடுவில் மணிகண்டன்தான் கூப்பிட்டான். கிளம்பிவிட்டானாம், திருத்தணியில் பஸ் மாறிக்கொண்டிருக்கிறானாம், மேடைக்கென்று புதுச் சட்டை எடுத்திருக்கிறானாம். பொழுதோடு வந்துவிடு என்று மட்டும் சொன்னாள்.

"அப்பா எத்தினி சாமுவேலுக்கு வருவாரு?" என்று கேட்டாள் கெசியா. ஒரே முறை முறைத்தாள் இளமதி. பெண் எதிர்வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

*

மூன்றரைக்கெல்லாம் அன்புராஜ் வந்துவிட்டான். கையில் பேக்கரி கேக் டப்பா. முகத்தில் காலையிலிருந்து சேர்த்துவைத்த சிரிப்பு. இளமதி டப்பாவை வாங்கி அடுக்களையில் வைத்துவிட்டு வந்து, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்து அவன் கையில் கொடுத்தாள்.

படித்தான். நெற்றியைச் சுருக்கினான். பிரஸ்காரன் சொதப்பிவிட்டானா என்று கேட்டான்.

"பிரஸ்காரன் இல்ல. நீ."

இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். இருந்தாலும் கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீங்க' என்றுதான் சொல்வாள். 'நீ' என்று வந்தால் விஷயம் எங்கே நிற்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டான்.

பிறகு சொன்னான். அழைப்பிதழ் அடிப்பதற்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து சபைச் செயலாளர் அவனைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். பாஸ்டர் அப்போது ஊரில் இல்லை, நெல்லூர்ப் பக்கம் கூட்டங்களுக்குப் போயிருந்தார். புத்தகத்தில் வருகிற பையன் பேர் மணியாமே என்று செயலாளர் கேட்டார். சபைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிற புத்தகத்தில் கதாநாயகன் புறமதத்துப் பேரோடு இருக்கலாமா, சாமுவேல் என்று மாற்றிவிடுங்கள், வேதத்தில் ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிட்ட சின்னப் பையன் சாமுவேல்தான், அந்தப் பேர்தான் பொருத்தம் என்றார். முடியாது என்றால் வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள், ஹால் கிடையாது என்றும் சொன்னார். அழைப்பிதழில் தம்பி பேர் வேண்டாம் என்றதும் அவர்தான்.

"உங்கிட்ட சொன்னா நீ ஒத்துக்க மாட்டே. ஒத்துக்கலன்னா ஹாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எத்தினி வருஷமா இதையே நெனச்சிகினு கீறே. உனக்காகத்தான் பண்ணேன் மதி."

"புக்க பட்சியா?"

அன்புராஜ் ஷூ லேஸைப் பிரிக்க ஆரம்பித்தான்.

"நான் எழுதனத நீ பட்சியான்னு கேட்டேன்."

"மொத ரெண்டு பக்கம் பட்சேன். ஷிப்ட் முட்சிகினு வந்து எங்க படிக்கிறது? பேரு மட்டுந்தானே மாத்தினேன்."

கம்ப்யூட்டரில் அதற்கு வழி இருக்கிறது. எதை எடுக்க வேண்டும், எதை வைக்க வேண்டும் என்று இரண்டு கட்டத்தில் எழுதி ஒரு தட்டு தட்டினால் மொத்தமாக மாற்றிவிடும். எத்தனை இடத்தில் மாற்றினேன் என்று கணக்கும் காட்டும். அன்புராஜ் தினமும் செய்கிற வேலைதான். கம்பெனியில் ஒரு பார்ட் நம்பர் மாறினால் ஷீட் முழுக்க அப்படித்தான் மாற்றுவான். பார்ட் நம்பருக்கு வேறு அர்த்தம் கிடையாது. மணிக்கு உண்டு. அது அவனுக்குத் தோன்றவில்லை.

இளமதி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவன் பேச்சை வேறு பக்கமாகத் திருப்பிப் பார்த்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்தபோது உனக்கும்தான் எஸ்தர் என்று பேர் வைத்தார்கள், நீ அதற்கு ஒன்றும் சொல்லவில்லையே என்றான்.

"என்னைக் கேட்டு வெச்சாங்க. நான் சரின்னேன். அது நான் வாங்கிக்கின பேரு."



நாளைக்கு வெளியீடு கிடையாது என்றாள் இளமதி. பாஸ்டருக்கும் செயலாளருக்கும் போன் போட்டு நீயே சொல்லிவிடு, கட்டுகளை எங்கேயாவது போட்டுவிடு, பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாலும் சரி என்றாள். அழைப்பிதழ் வீடு வீடாகப் போயிருக்கிறது, மணி ஊரிலிருந்து கிளம்பிவிட்டான், இப்போது போய் இப்படிச் சொன்னால் எப்படி என்று அன்புராஜ் மெதுவாக ஆரம்பித்தான்.

வாசலில் கெசியாவின் சத்தம் கேட்டது. "மாமா வந்துட்டாரு!"

*

மணிகண்டன் ஒரு கையில் வேர்க்கடலை மூட்டையும் இன்னொரு கையில் துணிப்பையுமாக உள்ளே வந்தான். நெற்றியில் விபூதி. புதுச் சட்டை போட்டே வந்திருந்தான், மடிப்புக் கோடு இன்னும் கலையவில்லை. ஊரில் சொந்த நெல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அறுப்புக் காலத்தில் மெஷின் ஓட்டுகிறவன். அக்காவின் முகத்தைப் பார்த்தான். மாமாவின் முகத்தையும் பார்த்தான்.

"இன்னா மாமா, ஊடே பேஜாரா கீது? இழவு ஊட்ல வந்து குந்திகினாப்ல கீதே."

கெசியா ஒரு புத்தகத்தை எடுத்து அவன் கையில் வைத்து, செம காமெடி மாமா, படி என்றாள். இளமதி அதைப் பிடுங்கிவிட நினைத்து ஓரடி எடுத்து வைத்தாள். அதற்குள் அவன் வாசலோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அட்டையைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அட்டையில் அக்காவின் பேர் இருந்தது. அதைக் கெசியாவிடம் காட்டிச் சிரித்தான்.

இளமதி அடுக்களைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். அன்புராஜும் பின்னாலேயே வந்து அடுக்களை வாசலில் நின்றான். கூடத்திலிருந்து மணிகண்டன் சிரிப்பது கேட்டது. நிதானமாகப் படிக்கிறவன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சிரிப்பு.

"யக்கா, இந்தப் பெண்சாமுவேல் யாரு? நம்ம தெருக்கோடி ஆயாவா?"

கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றது. பால் பொங்கியது. அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

மணிகண்டன் கடைசிப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்திருந்தான்.

"நான் இந்த மாரி சொல்லவே இல்லியேக்கா."

"தெரியும்டா."

"கூப்ட்டாங்க, போனேன். ஜாமெண்ட்ரி பாக்ஸ் குட்தாங்க, வாங்கிகினு வந்துட்டேன். மேல சாமுவேல்னு சீட்டு ஒட்டிகினு இருந்துச்சி. அப்பால நைனா பாத்துட்டாரு."

மீதியை அவன் சொல்லவில்லை. இளமதிக்குத் தெரியும். அன்புராஜுக்குத் தெரியாது. அதனால் அவளே சொன்னாள்.

அவர்கள் அப்பா பரசுராமன் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரிசு என்றால் உன் பேர் அல்லவா இருக்க வேண்டும், இதில் வேறு யார் பேரோ இருக்கிறதே என்று கேட்டார். பையனுக்கு விளக்கத் தெரியவில்லை. அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. யாருடையதோ அவனிடம் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். மறுநாள் போனால் வகுப்பு முடிந்து டீச்சர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். அந்த ஊரில் சாமுவேல் என்று ஒருவனும் கிடையாது. மணி பெட்டியைப் பள்ளிக்கூட ஜன்னல்கட்டையில் வைத்துவிட்டு வந்தான். சாமுவேல் என்ற பையனிடமிருந்து மகன் எதையோ எடுத்து வந்துவிட்டான் என்றுதான் பரசுராமன் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நாளைய வெளியீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டதற்கு, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னவர் அவர்.

அன்புராஜ் சுவரில் சாய்ந்து நின்று கேட்டான். கதை கதை என்று மனைவி இத்தனை வருஷம் சொன்னது எதைப் பற்றி என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பேரை மாற்றியது யார் என்பதையும் இளமதி மறைக்கவில்லை.

மணிகண்டன் மாமாவை நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபமில்லை.

"வுடுக்கா. அந்த டீச்சரம்மாகூட எனக்கு நல்லது பண்றதா நெனச்சித்தான் எழுதிருப்பாங்க."

இதைவிட அவன் நாலு கெட்ட வார்த்தை திட்டியிருக்கலாம். அன்புராஜ் தலையைக் குனிந்துகொண்டு ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்தான்.

இளமதி தம்பியின் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்து மறுபடி கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு நடுவில் சில பக்கங்கள். பிறகு மீண்டும் கடைசிப் பக்கம். அவளுக்கு எரிச்சலாக வந்தது. டீச்சர் சாமுவேல் என்கிறார். அம்மா சாமுவேல் என்கிறாள். பள்ளிக்கூட மணியும் கடிகாரமும்கூட சாமுவேல் என்கின்றன. அந்தப் பேரிலிருந்து பையனுக்கு ஓட இடமே இல்லை. கடைசியில் அவன் மேடையில் நின்று வாயைத் திறக்கிறான். அங்கே ஒரே ஒரு சொல் சரியாக இருந்தால், தப்பாக அச்சானது அவள் எழுதியதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருக்கிறது. பெற்ற தாயே கதை ஆரம்பத்திலிருந்து சாமுவேல் என்று கூப்பிடுவது உதைக்கும். உதைக்கட்டும் என்று நினைத்தாள்.

இதை அவள் அன்புராஜிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் பண்ணியது சரியாகிவிடும்.

கெசியாவின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு நீலப் பேனாவை எடுத்து வந்தாள். ஒரு பிரதியையும் பேனாவையும் கணவன் முன்னால் வைத்தாள்.

"மொதல்ல படி. முழுசா. அப்புறம் கடைசி சாமுவேலை அடிச்சிட்டு மேல மணின்னு எழுது. எல்லா புக்லயும் நீயே எழுதணும். வேற யாரும் தொடக்கூடாது."

"அப்போ செயலாளரு..."

"மொதல்ல படி."

அன்புராஜ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படித்தான். சின்னப் புத்தகம்தான். ஆனாலும் நேரம் பிடித்தது. இரண்டு இடத்தில் முந்தின பக்கத்துக்குத் திரும்பிப் போய்விட்டு வந்தான். பெண்சாமுவேலுக்கு அவன் சிரிக்கவில்லை. முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, அதன்மேல் கையை வைத்தான்.

"மணி, அந்த பாக்ஸ் இன்னா கலரு?"

"பச்ச. மேல மயில் படம் போட்டது."

அன்புராஜ் பேனாவை எடுத்தான்.

அட்டைப்பெட்டிகளின்மேல் ஊர்ப்பேர் எழுதிப் பழகிய கை. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, தடிமனாக விழுந்தது. சாமுவேலின்மேல் ஒரு கோடு, அதற்குமேல் 'மணி'. கெசியா ஒவ்வொரு பக்கத்தையும் ஊதிக் காயவைத்தாள். மணிகண்டன் கட்டுக் கயிற்றைப் பிரித்துப் புத்தகங்களை எடுத்து எடுத்து நீட்டினான். தன் பேரை இன்னொருவர் இத்தனை தடவை எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. வேர்க்கடலையை உரித்துத் தின்றபடி வேறு பக்கம் பார்த்தான். இளமதி எல்லாருக்கும் டீ கொடுத்து, கேக்கையும் வெட்டி வைத்தாள். ஆனால் கணவனோடு இன்னும் பேச்சு வார்த்தை இல்லை.

மூன்றாவது கட்டைப் பிரித்தபோது போன் அடித்தது. பாஸ்டர் மோசஸ்.

அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் போன பத்துப் பிரதிகள். அவற்றில் யாரும் எதையும் அடித்து எழுதவில்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டாள். பாஸ்டரின் குரல் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டில் பிள்ளைகள் இரண்டும் புத்தகத்தை வைத்துக்கொண்டு உருண்டு உருண்டு சிரிக்கின்றன, அச்சில் நிறையப் பிழை விழுந்துவிட்டது, இருந்தாலும் கதை நல்ல கதை என்றார். செயலாளரும் வந்திருக்கிறார், நாளைய நிகழ்ச்சி நிரலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

"எஸ்தர் சிஸ்டர், ஒரே ஒரு சந்தேகம். நாளைக்கு மேடையில கடைசிப் பக்கத்த நான்தான் வாசிக்கிறேன். சாமுவேல் இல்ல, சாமுவேல்னு கீதே. அங்க இன்னா பேரு வரணும்?"

அன்புராஜின் பேனா நின்றது.

சாமுவேலுக்குப் பதில் தானியேல் என்று சொல்லிவிடலாம். யோசேப்பு என்று சொல்லலாம். ஹால் கிடைக்கும், நாற்காலிகள் போடுவார்கள், நாளை மத்தியானத்துக்குள் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். மணி என்று சொன்னால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் செயலாளர் என்ன சொல்வார் என்பது தெரிந்ததுதான். பாஸ்டர் என்ன சொல்வார் என்பது தெரியாது.

இளமதி போனைத் தம்பி பக்கம் நீட்டினாள்.

அவன் பதறிப்போய்த் தலையை ஆட்டினான். வேர்க்கடலைத் தோல் ஒட்டியிருந்த கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான். நீயே சொல்லுக்கா என்று உதட்டை மட்டும் அசைத்தான். அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. சிஸ்டர், லைன்ல இருக்கீங்களா என்று பாஸ்டர் கேட்டார்.

மணிகண்டன் நாற்காலியை விட்டு எழுந்தான். எதற்கு எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"ஐயா, வணக்கம்ங்க." தொண்டையைச் செருமினான். "மணிங்க. மணிகண்டன். அந்தப் பையன் நான்தாங்க."

யாரோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. கதவு ஒன்று திறந்து மூடியது. பாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை.

போனை வைக்கவும் இல்லை.